லைட்டைப் போட்டால் ரேடியோ இரைகிறது

பொள்ளாச்சியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு ஹெட்லைட் வேலை ஓய்வதே இல்லை. காரணம் வால்பாறை. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் பாதி மலை ஏறும்போதே பனிமூட்டம் ரோட்டை மூடிவிடும். வளைவுக்கு அந்தப் பக்கம் யானை நிற்கிறதா, காட்டெருமை நிற்கிறதா என்பது வண்டி திரும்பிய பிறகுதான் தெரியும். எஸ்டேட் ஜீப்காரர், டாக்ஸிக்காரர், காய்கறி ஏற்றிப்போகும் வேன்காரர் எல்லோரும் கேட்பது ஒன்றையேதான்: "இன்னுங் கொஞ்சம் வெளிச்சம் வேணுங்க."

எண்பதுகளின் நடுவிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதிலாக விதவிதமான விளக்குகளை மாட்டி வருகிறேன். வெளிச்சத்தைக் கூட்டுவது கடினமான வேலை இல்லை. கூட்டிய வெளிச்சத்தோடு வண்டிக்குள் நுழையும் சூட்டையும் இரைச்சலையும் எங்கே தடுப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது. அதற்குப் பல்பை எவ்வளவு பார்க்கிறோமோ அதைவிட அதிகமாக ஒயரைப் பார்க்க வேண்டும். ஒயரிலும் கறுப்பு ஒயரை. பேட்டரியிலிருந்து கிளம்பிய கரண்ட் பேட்டரிக்கே திரும்பியாக வேண்டும். எந்த வழியில் திரும்புகிறது என்று பார்க்காமல் விளக்கு மாட்டுகிறவர்களிடமிருந்துதான் எனக்குப் பாதி வேலை வருகிறது.

நான் தொழில் பழகப் போனபோது பட்டறைக்கு வந்தவை அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மஹிந்திரா ஜீப். மாருதி 800 ஊருக்குள் ஒன்றிரண்டு தலைகாட்டியிருந்தது. டாக்ஸி ஓட்டுநர்கள் கோயம்புத்தூரிலிருந்து 100/90 வாட் ஹாலஜன் பல்பு வாங்கி வந்து, "பழசக் கழட்டிட்டு இத மாட்டி விடுங்க மேஸ்திரி" என்பார்கள். பிற பட்டறைகளில் அப்படியே மாட்டிக் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த வண்டிகள் எங்களிடம் வரும். ஹோல்டர் கருகியிருக்கும், இல்லையென்றால் சுவிட்ச் இளகி உட்கார்ந்திருக்கும். அதைவிட வேதனை, வெளிச்சமும் சொன்னபடி கூடியிருக்காது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி அதிகம் பேசமாட்டார். லைட்டைப் போட்டு மீட்டரை எடுப்பார். பேட்டரி முனையில் 12.4 வோல்ட் காட்டும். ஹோல்டரின் பின்னால் வைத்தால் 10.6. "மீதி எங்கடா போச்சு?" என்று என்னைக் கேட்பார். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், அங்கிருந்து காலால் மிதிக்கும் டிம்மர், திரும்ப முன்பக்கம் பல்பு என்று வண்டி முழுக்கச் சுற்றி வரும் மெல்லிய ஒயரில் அது சூடாகக் கரைந்திருக்கும். இரண்டு 100 வாட் பல்பு என்றால் 16 ஆம்பியருக்கு மேல். அந்தச் சுவிட்ச் பாதிக்குச் செய்தது. கம்பிச்சுருள் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போல விழுந்துவிடும். பெரிய பல்பு போட்டும் மஞ்சளாக மினுங்கியதற்கு அதுதான் காரணம்.

மருந்து ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துக் கனமான ஒயரை ரிலேயின் 30ஆம் முனைக்குக் கொண்டுவர வேண்டும். 87ஆம் முனையிலிருந்து பல்புக்கு. வண்டியின் பழைய ஒயர் 85, 86 முனைகளில் இருக்கும் காயிலை மட்டும் இழுத்தால் போதும். சுவிட்சுக்குச் சுமையே இல்லை. இப்படிச் செய்த பிறகு சாதாரண 60/55 பல்பையே மாட்டிக் காட்டுவார் மேஸ்திரி. ஓட்டுநர்கள் இரவு ஓட்டிவிட்டு வந்து "இதே போதுங்க" என்று 100 வாட் பல்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். டைனமோ வண்டிக்கு அதுதான் நல்லதும்கூட. 20 ஆம்பியர் சொச்சம் கொடுக்கும் டைனமோவிடம் 16 ஆம்பியரை விளக்குக்கே கேட்டால் பேட்டரி எப்படித் தாங்கும்?

கறுப்பு ஒயரைக் கவனிக்கும் பழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான். ஒருமுறை ஒரு ஜீப்பில் டிம் போட்டால் மீட்டரில் இருக்கும் நீல விளக்கு லேசாக எரிந்தது. பிரைட் போட்டால்தான் அது எரிய வேண்டும். சுவிட்ச், டிம்மர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மேஸ்திரி விளக்குக் கிண்ணத்தின் எர்த் ஸ்குருவைக் கழற்றினார். அடியில் துரு, துருவுக்கு மேல் பெயிண்ட். எர்த் கிடைக்காத கரண்ட், பல்புக்குள்ளேயே பிரைட் சுருள் வழியாகப் புகுந்து, நீல விளக்கின் வழியாக எர்த்தைத் தேடிப் போயிருக்கிறது. உப்புத்தாளால் தகரம் வெளுக்கத் தேய்த்து, பல்வாஷர் வைத்து முடுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். முடிந்தது. இன்றும் எந்த வண்டி வந்தாலும் லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைப் பல்பின் எர்த் தகட்டிலும் வைத்துப் பார்க்கிறேன். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வேறு எதையும் தொடமாட்டேன், முதலில் எர்த்.

ரேடியோ இரைச்சல் அந்த நாளிலேயே உண்டு. மீடியம் வேவில் கோவை நிலையம் 999 கிலோஹெர்ட்ஸ். பெட்ரோல் வண்டியில் அதைக் கேட்பதற்கு ஒரு பாடு படவேண்டும். மேஸ்திரி காதாலேயே ஜாதி பிரிப்பார். ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கப் படபடவென்று வேகமெடுத்தால் பாயிண்ட், பிளக் ஒயர் பக்கம். 'ஊ' என்று சுருதி ஏறினால் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர். இன்ஜின் வேகத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒரே சீராக இருந்தால் வைப்பர் மோட்டார் மாதிரி வேறு ஏதோ ஒன்று. காயிலுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் கண்டன்சர் போடுவோம், ரெசிஸ்டர் உள்ள பிளக் மாட்டுவோம், பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் ஒயர் கட்டுவோம்.

லைட் மாற்றிய பிறகு ரேடியோ இரைகிறது என்று அன்றும் வருவார்கள். ஹாலஜன் பல்பு தானாக இரையாது. அது வெறும் கம்பிச்சுருள். சுமை கூடியதால் ஆல்டர்னேட்டர் முக்குகிறது, அந்த முக்கல் ரேடியோவும் விளக்கும் ஒரே ஸ்குருவில் எர்த் எடுத்திருப்பதால் ரேடியோவுக்குள் ஏறுகிறது. ரேடியோவின் எர்த்தைப் பிரித்துத் தனி இடத்தில் போட்டால் பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

அவரிடம் ஒரு பாக்கெட் டிரான்சிஸ்டர் இருந்தது. மீடியம் வேவில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, வால்யூமை முழுக்க வைத்து, பானெட்டுக்குள் ஒயர் போகும் வழியெல்லாம் அதை நகர்த்திக்கொண்டே போவார். இரைச்சல் எந்த இடத்தில் எகிறுகிறதோ அங்கே குற்றவாளி. பெரிய கம்பெனிகளில் இதற்கு லட்சக்கணக்கில் கருவிகள் வைத்திருக்கிறார்கள். பட்டறைக்கு இது போதும். நானும் அதேபோல் ஒன்று வைத்திருக்கிறேன், அதன் அருமை எல்.இ.டி வந்தபிறகுதான் முழுதாகப் புரிந்தது.

அதற்கு முன் எச்.ஐ.டி வந்தது. 2005ஐ ஒட்டி எங்கள் பக்கம் அந்த நீல வெளிச்சத்துக்குப் பைத்தியமாக அலைந்தார்கள். இதில் சுருள் கிடையாது. கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு முனைகளுக்கு நடுவே மின்வில் எரியும். பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பற்றிய பிறகு 85 வோல்ட் அளவில் நிற்கும். இந்த வித்தையைச் செய்வது பேலஸ்ட் என்ற சிறு பெட்டி. 12 வோல்ட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி ஏற்றுகிறது. எங்கே வெட்டு இருக்கிறதோ அங்கே இரைச்சல் இருக்கும்.

பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்குமாகப் போய்வரும் ஒரு டாக்டர், வேறு ஊரில் எச்.ஐ.டி மாட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு வழித்துணை கொடைக்கானல் பண்பலை, 100.5. லைட் போட்டதும் பாட்டு மறைந்து 'ஸ்ஸ்' என்று மட்டும் வந்தது. ரேடியோவே போய்விட்டது, புதிது போடலாமா என்று கேட்டார். நான் முதலில் ரேடியோவின் பின்னாலிருந்து ஆன்டெனா பிளக்கை உருவினேன். இரைச்சல் சட்டென்று நின்றது. இந்த ஒரு சோதனையைத் தொழில் பழகும் எந்தப் பையனுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன். ஆன்டெனாவை உருவியதும் நின்றால் இரைச்சல் காற்றில் வருகிறது. உருவிய பிறகும் இருந்தால் பவர் ஒயரிலோ எர்த்திலோ வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இது தெரியாமல் ரேடியோவுக்கு ஃபில்டர் வாங்கிப் போட்டுக் காசைக் கரைத்தவர்கள் நிறைய.

ஃபெண்டரைத் திறந்து பார்த்தால், ஆன்டெனா கேபிள் இறங்கும் இடத்திலேயே பேலஸ்டை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பெட்டிக்கு எர்த் இல்லை. சிவப்பு ஒயர் பேட்டரியிலிருந்து ஒரு வழியாக வருகிறது, கறுப்பு ஒயர் பெயிண்ட் அடித்த தகரத்தில் ஒரு ஸ்குருவில் நிற்கிறது. கரண்ட் ஒரு பக்கம் போய், வண்டியின் உடம்பு முழுக்கப் பரவி, வேறு பக்கமாகத் திரும்புகிறது. போகும் ஒயருக்கும் திரும்பும் வழிக்கும் நடுவே எவ்வளவு அகலம் விடுகிறோமோ, அவ்வளவு பெரிய ஆன்டெனாவை நாமே கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். இரண்டு ஒயரையும் சேர்த்துத் தாலிக்கயிறு மாதிரி முறுக்கிக் கொண்டுபோனால், போகிற கரண்டின் காந்தமும் வருகிற கரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வெளியே போகப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

அப்படியே செய்தேன். பேலஸ்டுகளை விளக்குக்கு அடியில், கேபிளுக்கு எட்டாத இடத்தில், வெறும் தகரத்தில் போல்ட் போட்டு நிறுத்தினேன். சிவப்பையும் கறுப்பையும் முறுக்கி இரண்டையுமே பேட்டரிவரை கொண்டுவந்தேன். பேலஸ்டிலிருந்து பல்புக்குப் போகும் உயர் அழுத்த ஒயரை நீட்டவும் இல்லை, சுருட்டி வைக்கவும் இல்லை. ஆன்டெனா அடியில் துருவைச் சுரண்டி எர்த் கொடுத்தேன். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கேபிளில் முடிச்சு மாதிரி இருக்குமே, ஃபெரைட், அதை வாங்கிவைத்திருந்தேன். இரண்டு ஒயரையும் சேர்த்தே அதற்குள் மூன்று சுற்று சுற்றினேன். ஒரு சுற்றைவிட மூன்று சுற்று ஒன்பது மடங்கு வேலை செய்யும். ஒரு ஒயரை மட்டும் சுற்றினால் விளக்கின் கரண்டிலேயே அது திணறிவிடும். டாக்டருக்கு ஊருக்குள் பாட்டு சுத்தமாகக் கேட்டது. சிக்னல் மெலிந்த மலைப்பக்கம் லேசான இரைச்சல் மிச்சம் இருக்கும் என்று சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தேன்.

எச்.ஐ.டியில் எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு. ஹாலஜனுக்குச் செய்த கிண்ணத்தில் அதை மாட்டினால் ஒளி கட்டுக்கடங்காமல் சிதறும். கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவும், சுருள் இருக்கும் அந்தச் சில மில்லிமீட்டர் இடத்தைக் கணக்கு வைத்தே வார்த்தது. ஒளி பிறக்கும் இடம் கொஞ்சம் தள்ளினாலும் ரோட்டில் விழ வேண்டியது எதிரே வருகிறவர் கண்ணில் விழும். மலைப்பாதையில் எதிரே பஸ் ஏறிவரும்போது அந்த ஓட்டுநருக்கு இரண்டு நொடி கண் இருண்டால் என்ன ஆகும்? அதனால் பிறகு அந்த வேலையை வாங்குவதை நிறுத்திவிட்டேன். முகப்பில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். விளக்கின் நடுவில் ஒட்டும் கறுப்பு, கிண்ணத்தின் தப்பான வளைவைத் திருத்தாது.

புரொஜெக்டர் விளக்கு இந்தக் கண்கூச்சத்துக்குச் சரியான தீர்வு. ஒளிக்கு மேல் கத்தி வைத்து வெட்டினது போல ஒரு கோடு விழும். ஆனால் வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தார் என்று பெருமையாக எடுத்து வருவார்கள். சுவரில் அடித்துப் பார்த்தால் அந்தக் கோடு வலதுபக்கம் மேலே ஏறியிருக்கும். அங்கே வலதுபக்கம் ஓட்டுகிறார்கள். ஓரத்துப் பலகையும் நடைபாதையும் தெரிவதற்காக அந்தப் பக்கம் ஏற்றியிருக்கிறார்கள். நம் ரோட்டில் அந்த ஏற்றம் நேராக எதிரே வருகிறவர் முகத்தில் போய் நிற்கும். நமக்கு இடதுபக்கம் ஏற வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அதை நான் மாட்டமாட்டேன்.

இப்போது எல்லாம் எல்.இ.டி. பல்பின் வாலிலோ பக்கத்தில் தனியாகவோ ஒரு டிரைவர் பெட்டி இருக்கும். அதற்குள்ளும் அதே வெட்டு வேலைதான், நொடிக்கு லட்சக்கணக்கில். அதன் கிளை அலைகள் பண்பலையின் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ்வரை ஏறும், அதற்கு மேலும் போகும். எவ்வளவு மேலே போகும் என்பதை ஒரு தென்னந்தோப்புக்காரர் வண்டியில் பார்த்தேன்.

"ஏனுங்க, ராத்திரி தோட்டத்துல வண்டிய நிறுத்தி எறங்கிச் சாவிய அமுக்குனா லாக் ஆகமாட்டேங்குது. லைட் அணைஞ்சதுக்கு அப்பறந்தான் ஆகுது. சாவிக்கு பேட்டரி மாத்தியும் பாத்துட்டனுங்க."

அந்த வண்டியில் இன்ஜினை நிறுத்திய பிறகும் வீட்டுக்குள் போகும்வரை ஹெட்லைட் கொஞ்ச நேரம் எரியும். ரிமோட் சாவி பேசுவது 433 மெகாஹெர்ட்ஸில். சாவியின் குரல் மெலிசு. விளக்கின் இரைச்சல் அதை மூழ்கடிக்கிறது. சாவியைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய் அமுக்கினால் வேலை செய்தது. பழைய ஹாலஜனை மாட்டினேன், தூரத்திலிருந்தே பூட்டியது. சந்தேகம் தீர்ந்தது.

பிறகு எல்.இ.டியை வண்டியின் ஒயரிலிருந்து முழுக்கப் பிரித்து, தரையில் வைத்த தனி பேட்டரியில் எரியவிட்டேன். அப்போதும் சாவி திணறியது. அப்படியானால் வண்டி ஒயரிங் மேல் குற்றமில்லை. பல்பே காற்றில் கத்துகிறது. டிரான்சிஸ்டரை அருகே கொண்டுபோனால் டிரைவர் பெட்டியிடம் காது கிழிந்தது. ஒயரை முறுக்கி, ஃபெரைட் போட்டதில் பண்பலை தெளிந்தது, சாவிக்குத் தூரம் கொஞ்சம் கூடியது, அவ்வளவே. அவர் அனுமதியோடு ஒரு பெட்டியை உடைத்துப் பார்த்தேன். ஒரு சிப், ஒரு காயில், சில சில்லறைச் சாமான். கரண்ட் உள்ளே நுழையும் வாசலில் இருக்க வேண்டிய சோக்கும் கண்டன்சரும் இல்லவே இல்லை. போர்டில் அவற்றுக்கு இடம் விட்டிருந்தார்கள், சாமானைத்தான் வைக்கவில்லை. நல்ல பல்பின் பெட்டியை எடைபோட்டுப் பார்த்தாலே அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

வண்டிச் சாமான் எவ்வளவு இரையலாம் என்பதற்கு சிஸ்பர் 25 என்ற உலக அளவுகோல் இருக்கிறது. ஒரிஜினல் விளக்குகள் இதுபோன்ற சோதனைகளைத் தாண்டித்தான் வண்டியில் ஏறுகின்றன. சந்தையில் விற்கும் பல எல்.இ.டிகளின் அட்டைப்பெட்டிமேல் என்னென்னவோ அச்சடித்திருக்கிறார்கள். வாசலில் சோக் இல்லாத பெட்டிக்கு வெளியே நாம் என்ன கட்டினாலும் பாதி வைத்தியம்தான். வேறு பல்பு மாற்றியதும் தோட்டக்காரருக்குச் சாவி சரியாகிவிட்டது.

புது வண்டிகளில் இன்னொரு தொல்லை. விளக்குக்குக் கரண்ட் கொடுப்பது சுவிட்ச் அல்ல, ஒரு கம்ப்யூட்டர். பல்பு இழுக்கும் கரண்டை அது அளந்துகொண்டே இருக்கும். 55 வாட் இழுக்க வேண்டிய இடத்தில் எல்.இ.டி 25 வாட் இழுத்தால் பல்பு போய்விட்டது என்று மீட்டரில் எச்சரிக்கை காட்டும். அதை ஏமாற்ற 6 ஓம் ரெசிஸ்டரை இணையாகப் போடுகிறார்கள். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர், 24 வாட், அத்தனையும் சூடு. பிளாஸ்டிக் பம்பரிலோ ஒயர் கட்டின்மேலோ அதை டேக் போட்டுக் கட்டி, பிளாஸ்டிக் இளகி ஒழுகி வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். தகரத்தில்தான் போல்ட் போட வேண்டும். சில வண்டிகளில் கம்ப்யூட்டர் கரண்டைத் துண்டு துண்டாக விடும். அங்கே சாதாரண ரிலே போட்டால் வண்டு மாதிரி ரீங்காரமிடும், எல்.இ.டி துடிக்கும். அதற்கென்று கண்டன்சரோடு வரும் ஹார்னஸ் வாங்க வேண்டும். ரிலேயை அணைக்கும்போது அதன் காயில் உதைக்கும் உதை நூறு வோல்ட்டையும் தாண்டும். பழைய அம்பாசிடருக்கு அது பொருட்டில்லை, கம்ப்யூட்டருக்கு ஆகாது. ஆகவே உள்ளே ரெசிஸ்டரோ டயோடோ வைத்த ரிலேயை மட்டுமே வாங்குகிறேன். டயோடு உள்ளதில் 85, 86 மாறிவிடக் கூடாது.

கம்பெனி ஒயரைச் சீவி ஒட்டுப்போடுவதும் என் பட்டறையில் கிடையாது. கப்ளருக்குக் கப்ளர், வேண்டாம் என்றால் கழற்றிப் பழையபடி மாட்டும்படி இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதற்கு எல்லை போட்டிருக்கிறது என்பதையும் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ரேடியோ கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டு வருகிறது, இரைச்சல் காதில் விழுவதில்லை. அதனால் இரைச்சல் இல்லை என்று நினைக்கிறார்கள். சில மின்சாரக் கார்களில் மீடியம் வேவையே எடுத்துவிட்டார்கள், மோட்டாரின் இரைச்சலில் அது கேட்காது என்பதால். ஆனால் சாவி, டயர் காற்றளவு காட்டும் கருவி, பின்பக்கக் கேமரா எல்லாம் இன்னும் அந்த இரைச்சலுக்கு நடுவேதான் வேலை செய்கின்றன.

எல்.இ.டி மாட்டிய வண்டியைக் கொடுக்கும் முன் இருட்டும்வரை நிறுத்தி வைப்பேன். சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் கோடு விளக்கு உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழுகிறதா பார்ப்பேன். இன்ஜின் ஓட, லைட் எரிய, 100.5 வைத்துக் கேட்பேன். பத்தடி தள்ளி நின்று சாவியை அமுக்குவேன். வால்பாறை வண்டி என்றால் ஃபாக் லாம்புக்கு 3000 கெல்வின் மஞ்சள்தான் போடச் சொல்வேன். பனியில் வெள்ளை வெளிச்சம் திரும்ப ஓட்டுநர் கண்ணுக்கே வருகிறது என்று அந்த ரோட்டில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

பல்பைவிட ஒயரிங்குக்கு அதிகம் கேட்கிறீர்களே என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. பானெட்டைத் திறந்து, முறுக்கிய ஒயர் பேட்டரிவரை வருவதையும், எர்த் போல்ட்டுக்கு அடியில் தகரம் வெளுத்திருப்பதையும் காட்டுவேன். அதன் பிறகும் வேண்டாம் என்றால், பல்பை மட்டும் மாட்டிக் கொடுக்கிற பட்டறை அடுத்த தெருவிலேயே இருக்கிறது, வழி சொல்லி அனுப்பிவிடுவேன்.